வெப்பம் முன்னே, வறட்சி பின்னே

பயிர் வாடிக் கருகி, இனி நீர் பாய்ச்சினாலும் நிமிராது என்ற நிலைக்கு மண் காய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் காற்றை அளந்தால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 98.9 விழுக்காடு இருக்கும். வரப்பில் நிற்கும் விவசாயிக்கு அது முற்றிய வறட்சி. அளவுமானிக்கு அது நீராவி நிறைந்த காற்று. மண்ணுக்குள் வாழும் சிற்றுயிர்களின் கதை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகலான இடத்தில் நடக்கிறது. அவற்றின் உடல்நீரோடு சமநிலையில் நிற்கக்கூடிய காற்று 98.9-ஐ விடச் சற்றுக் கூடுதலாக ஈரமாயிருக்க வேண்டும். அந்தச் சற்று, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் அதைத் தாண்டி மண் காய்ந்தால் தோல் வழியாக நீர் கசியத் தொடங்குகிறது. தடுக்க வழியில்லாத உயிர் ஓரிரு நாளில் சுருங்கிவிடுகிறது.

தடுப்பது எளிதல்ல. கரப்பானுக்கும் வண்டுக்கும் உடல்மேல் மெழுகு பூசிய கெட்டியான ஓடு உண்டு. மண்புழுவுக்கு அது கிடையாது. அது சுவாசிப்பதே தோலால்தான். தோல் ஈரமாக இருந்தால்தான் உயிர்வளி உள்ளே நுழையும். உயிர்வளிக்குத் திறந்த தோல் நீருக்கும் திறந்தே இருக்கிறது. ஸ்பிரிங்டெயில் எனப்படும் மிகச் சிறிய கணுக்காலிகளின் நிலையும் பெருமளவு இதுதான். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளம், இறக்கை இல்லை, வயிற்றின் அடியில் மடங்கியிருக்கும் கவை ஒன்றை விசையோடு விடுவித்துத் துள்ளும். வயிற்றின் முன்பகுதியில் ஒரு சிறு குழல் உண்டு, அதைக் கொண்டு ஈரத்தை உறிஞ்சும். ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் கிடைத்த இவற்றின் புதைபடிவம் 40 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. நிலத்தில் குடியேறிய முதல் உயிர்களோடு வந்தவை, இன்றும் நீரின் விளிம்பை விட்டு அதிகம் விலகவில்லை. வளமான மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குப் பல்லாயிரம் இருக்கும். பூஞ்சையை மேய்ந்து, சருகு மக்குவதை முடுக்கிவிடுவது அவற்றின் பணி.

மெழுகு ஓடு இல்லாத உடலுக்கும் தற்காப்பு உண்டு. 1999-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மார்க் பெய்லியும் மார்ட்டின் ஹோல்ம்ஸ்ட்ரப்பும் ஃபோல்சோமியா கேண்டிடா என்ற ஸ்பிரிங்டெயிலில் கண்டது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. மண் காயும்போது அந்த உயிர் தன் உடல்நீரில் குளுக்கோஸையும் மையோஇனோசிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலையும் சேர்த்துக்கொண்டே போகிறது. உடல்நீர் சுற்றியுள்ள காற்றைவிடச் செறிவாகிவிட, கசிந்துகொண்டிருந்த நீர் திசைமாறுகிறது: காற்றிலிருக்கும் நீராவி உடலுக்குள் வருகிறது. செடி வாடிச் சாகும் மண்ணில் இந்த உயிர் நடமாடிக்கொண்டிருக்கிறது. மண்புழுக்களின் வழி வேறு. பல இனங்கள் ஆழத்துக்கு இறங்கி, குடலைக் காலிசெய்து, சளி பூசிய சிற்றறையில் உருண்டையாகச் சுருண்டு மழைக்குக் காத்திருக்கும். உடல்நீரில் பாதிக்கு மேல் இழந்தும் மழை வந்ததும் எழுந்துவிடும் இனங்கள் உண்டு. வேறு சில இனங்களில் தாய்ப்புழு மடிந்துபோகும். மண்ணில் விட்ட முட்டைக்கூடு மட்டும் அடுத்த பருவத்தைப் பார்க்கும்.

உள்ளூர் இனம் வறட்சியைத் தாங்குமா, வெளியிலிருந்து வந்து பரவிய அயல் இனம் தாங்குமா என்ற கேள்வியைக் கேட்கும் முன் இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பலரிடமும் தயாரான ஒரு பதில் இருக்கிறது: அயல் இனம் முரடு, எதையும் தாங்கும், உள்ளூர் இனம் மென்மையானது, தோற்கும். சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்பாகவே தோன்றும். மண்ணுக்குள் செய்த ஆய்வுகள் சொல்வது அவ்வளவு நேரான கதை அல்ல. அவற்றில் மிகத் தெளிவானது மக்கள் யாரும் நிரந்தரமாக வசிக்காத ஒரு தீவிலிருந்து வந்தது.

கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே சுமார் 2,000 கிலோமீட்டர் கடல் தாண்டினால் மாரியன் தீவு. தென்னாப்பிரிக்காவுக்கு உரியது, ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. மரம் கிடையாது. ஓயாத காற்று, ஆண்டில் பெரும்பாலான நாட்களில் மழையோ பனியோ, 6 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும் சராசரி வெப்பநிலை. பச்சை மெத்தைபோல் தரையோடு படர்ந்து வளரும் அசோரெல்லா என்ற செடியின் உள்ளே ஈரமும் கதகதப்பும் தேங்கியிருக்கும். ஸ்பிரிங்டெயில்களுக்கும் உண்ணி வகைகளுக்கும் அதுதான் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கடல்நாய்த் தோலுக்காக வந்த கப்பல்கள் சுண்டெலியைக் கொண்டுவந்தன. 1948-இலிருந்து வானிலை நிலையம் இயங்குகிறது. நிலையத்துக்கு வந்த பூனைகள் பெருகிக் கடற்பறவைகளை அழித்ததால், பல ஆண்டு முயன்று 1991-இல் அவற்றை முற்றாக ஒழித்தார்கள். பூனையும் எலியும் கண்ணில் பட்டன. மனிதரின் சரக்கோடும் மண்ணோடும் ஐரோப்பிய ஸ்பிரிங்டெயில்கள் வந்து இறங்கியதை அந்தக் காலத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வானிலைப் பதிவு நீளமாக இருந்ததால் இன்னொன்றும் தெரியவந்தது. 1969-க்கும் 1999-க்கும் இடையில் தீவின் சராசரி வெப்பநிலை 1.2 டிகிரி உயர்ந்திருந்தது. மழை குறைந்துகொண்டே வந்தது. 1990-கள்தான் பதிவிலிருந்த பத்தாண்டுகளில் மிக வறண்டவை. வெப்பம் ஏற, ஈரம் இறங்க, உள்ளூர் ஸ்பிரிங்டெயில்களும் அயல் ஸ்பிரிங்டெயில்களும் ஒரே மண்ணில். இயற்கையே அமைத்துக்கொடுத்த ஆய்வுக்கூடம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அமைத்தது மனிதர்தான், இரண்டு முறை: கப்பலால் ஒரு முறை, கரியமில வாயுவால் மறுமுறை.

ஸ்டீவன் சௌனும் சாரெட் ஸ்லாபர், மெலடி மெக்கியோக், சார்லீன் ஜானியன், ஹான்ஸ் பெட்டர் லைனாஸ் ஆகியோரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நடந்தது. அவர்கள் வறட்சியில் எது எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்று மட்டும் அளந்து நிறுத்தவில்லை. காயவைப்பதற்கு முன் ஒவ்வொரு இனத்தையும் சில நாட்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பழக்கினார்கள். சிலவற்றைக் குளிரில், சிலவற்றை வெதுவெதுப்பில். அதன் பிறகுதான் வறட்சிச் சோதனை. சிறியதாகத் தெரியும் இந்த முன்னேற்பாடுதான் முடிவையே மாற்றியது. வெதுவெதுப்பில் இருந்து வந்த அயல் இனங்கள் வறட்சியைக் கூடுதல் நேரம் தாங்கின. அதே வெதுவெதுப்பில் இருந்து வந்த உள்ளூர் இனங்களின் தாக்குப்பிடிப்போ குறைந்தது. அவை நன்றாகத் தாங்கியது குளிரில் இருந்து வந்தபோது. ஒரே வெப்பம், ஒரே வறட்சி, எதிரெதிரான இரண்டு விடைகள்.

சூழலுக்கு ஏற்ப ஓர் உயிர் தன் உடலியலை மாற்றிக்கொள்ளும் திறனை உடலியல் நெகிழ்வு என்கிறோம். அயல் இனங்களுக்கு இந்த நெகிழ்வு அதிகம், அதனால்தான் எங்கும் பரவுகின்றன என்பது வெகுநாளாக இருந்துவரும் கருத்து. மாரியன் ஆய்வு அதை நுட்பமாகத் திருத்தியது. உள்ளூர் இனங்களும் நெகிழ்கின்றன. அளவில் அவை சளைத்தவை அல்ல. நெகிழும் திசைதான் வேறு. ஈரமும் குளிரும் மாறாத தீவில் நெடுங்காலம் உருவான உடல் அந்தத் தீவுக்குப் பொருந்தும்படியே விடைசொல்கிறது. ஐரோப்பிய வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்தவற்றின் மூதாதையர் கோடைதோறும் ஒரு பாடத்தைக் கற்றிருப்பார்கள்: வெப்பம் ஏறுகிறதா, அடுத்து மண் காயும், தயாராகு. இந்த விளக்கம் என் ஊகம்தான் என்றாலும் தரவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆகவே உள்ளூர் இனம் பலவீனமானது என்ற சொல்லை இங்கே நான் ஏற்க மாட்டேன். அது தன் ஊரைச் சரியாகவே அறிந்திருந்தது. ஊர்தான் முப்பதே ஆண்டுகளில் வேறாகிவிட்டது.

ஆய்வுக்கூட முடிவை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானது. கண்ணாடிக் குப்பியில் சாகும் உயிர், செடிக்குள் ஈரமான மூலை தேடிப் பிழைத்துவிடலாம். நல்வாய்ப்பாக, தீவின் அசோரெல்லா செடிகள்மேல் மழை விழாதபடி மூடி அமைத்து, வெப்பம் கூடி ஈரம் குறையும் காலநிலையைக் களத்திலேயே உண்டாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்றை மெக்கியோக்கும் குழுவினரும் முன்பே செய்திருந்தார்கள். அதிலும் உள்ளூர் ஸ்பிரிங்டெயில்களின் அடர்த்தி குறிப்பிடத்தக்க அளவில் சரிந்தது. அயல் இனங்களில் பெரிய மாற்றமில்லை. குப்பியும் களமும் ஒன்றையே சொன்னது இத்துறையில் அடிக்கடி நடப்பதல்ல.

ஆனால் ஒரு தீவின் விடையை உலகத்தின் விடையாக நீட்டிவிடக் கூடாது. அதே சார்லீன் ஜானியன் ஸ்கீப்பர்ஸும் சௌனும் சகாக்களும் 2018-இல் பல அட்சரேகைகளைச் சேர்ந்த ஸ்பிரிங்டெயில்களை ஒப்பிட்டபோது படம் மாறியது. அவர்கள் அளந்தது வறட்சியை அல்ல, தாங்கும் வெப்பத்தின் உச்சவரம்பை. அயல் இனங்களின் வரம்பு உள்ளூர் இனங்களுடையதைவிடச் சராசரியாக 3 டிகிரி அளவுக்கு உயர்ந்திருந்தது. நெகிழ்வு இரு தரப்பிலும் குறைவாகவே இருந்தது. வேறுபாட்டுக்கு அது காரணமில்லை. வெப்ப உச்சவரம்பில் அயல் இனத்துக்குப் பிறவியிலேயே கூடுதல் கையிருப்பு; வறட்சியிலோ பழக்கத்தின் திசை. ஒரே தொகுதி உயிர்களிலேயே இரண்டு அழுத்தங்களுக்கு இரண்டு வகையான விளக்கம் தேவைப்படுகிறது. அதற்கும் மேல் ஆழத்தின் கணக்கு ஒன்று உண்டு. சருகின்மேல் திரியும் ஸ்பிரிங்டெயிலின் தோல் ஆழத்தில் வாழ்வதன் தோலைவிட நீரை நன்றாகக் காக்கும். மேற்பரப்பில் வாழும் அயல் இனத்தை ஆழத்தில் வாழும் உள்ளூர் இனத்தோடு ஒப்பிட்டுவிட்டு, வேறுபாடு பிறந்த நாட்டால் வந்தது என்று எழுதினால் அது ஆழத்துக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாடாகவே இருக்கக்கூடும்.

கலிஃபோர்னியாவின் தெற்கில் கதை தலைகீழ். தென்னமெரிக்காவின் பரானா ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட அர்ஜென்டினா எறும்பு, அமெரிக்காவில் 1891-இல் நியூ ஆர்லியன்ஸில் பதிவானது. பின்னர் கலிஃபோர்னியாவில் பரவி, போன இடமெல்லாம் உள்ளூர் எறும்புகளை விரட்டியது. உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் அது தவறாமல் இடம்பெறும். ஆனால் வறட்சிக்கு அது அஞ்சுகிறது. அதன் மேல்தோல், வறண்ட புதர்க்காட்டில் வாழும் உள்ளூர் எறும்புகளின் தோலைவிட எளிதாக நீரைக் கசியவிடுகிறது. சான் டியாகோ பகுதியில் ஷான் மெங்கேயும் டேவிட் ஹால்வேயும் புதர்க்காட்டு நிலத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டு ஈரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். ஈரமாக்கிய பகுதிகளில் அந்த எறும்பு பெருகி முன்னேறியது. அதன் படையெடுப்புக்கு வழிவிட்டவை புல்தரையின் தெளிப்பான்களும், நகரின் கழிவுநீர் ஓடைகளும், பழத்தோட்டப் பாசனமும்தான். வறண்ட நிலத்தில் மனிதர் ஊற்றிய நீரில் ஏறி வந்த அயல் இனம் அது.

மாரியனையும் சான் டியாகோவையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். யார் தாங்குவார் என்பதை அயல், உள்ளூர் என்ற முத்திரை தீர்மானிப்பதில்லை. அந்த இனம் உருவான ஊரில் வறட்சி எந்தப் பருவத்தில், எந்த வெப்பநிலையோடு வந்தது. இன்று வந்து சேர்ந்த ஊரில் எப்படி வருகிறது. இடையில் மனிதர் ஈரத்தைக் கூட்டினாரா குறைத்தாரா. இந்த மூன்றையும் கேட்காமல் எடுத்த சராசரி எண்ணால் பயன் இல்லை.

தாங்குவது மட்டுமல்ல, வறட்சியை உண்டாக்கும் அயல் புழுவும் இருக்கிறது. கயானா பீடபூமிப் பகுதியைத் தாயகமாகக் கொண்டதாகக் கருதப்படும் பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் என்ற மண்புழு இன்று வெப்பமண்டலம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஃபிரிட்ஸ் முல்லர் 1857-இல் பிரேசிலிலிருந்து விவரித்த இனம். துணையில்லாமலே முட்டையிடும், அதனால் செடியின் வேர்மண்ணோடு போன ஒரே ஒரு புழுவும் ஒரு தோட்டத்தை நிரப்பிவிடலாம். பிரேசிலின் மனாவ்ஸ் அருகே காடு அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களில் அது என்ன செய்தது என்பதை அர்மான் ஷோவெல் குழுவினர் 1999-இல் எழுதினார்கள். காட்டோடு பழைய மண்ணுயிர்களும் போய்விட, இந்த ஒரு புழு மட்டும் பெருகியது. ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 100 டன்னுக்கு மேல் கழிவுமண்ணைக் கக்கியது. உருட்டித் துளையிட்டு மண்ணை மீண்டும் பொலபொலப்பாக்க வேறு உயிர்கள் இல்லாததால் அந்தக் கழிவு மேற்பரப்பில் இறுகிய பூச்சாகப் படிந்தது. மழைக்காலத்தில் நீர் உள்ளே இறங்கவில்லை, மேலேயே தேங்கியது. கோடையில் பூச்சு காய்ந்து கெட்டிப்பட, வேரால் நீரை இழுக்க முடியாமல் புல் வாடியது. வானம் குறைவைக்காத நிலத்தில் புழு கொண்டுவந்த வறட்சி.

அதே புழு நம்மிடமும் இருக்கிறது. கேரளத்திலும் திரிபுராவிலும் ரப்பர் தோட்டங்களில் அதுதான் பெரும்பான்மை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டப் பயிர் நிலங்களிலும் உண்டு. காடாக இருக்கும்வரை அங்கே உள்ளூர் மண்புழு இனங்கள் பல சேர்ந்து வாழ்கின்றன. காடு ஒற்றைப் பயிராக மாறிய இடத்தில் பொன்டோஸ்கோலெக்ஸ் மேலோங்குகிறது. மனாவ்ஸில் நடந்ததே நம் மலையிலும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அங்கே தீமை முற்றியது புழு வந்ததால் மட்டுமல்ல, அதன் வேலையைச் சமன்செய்யும் மற்ற உயிர்கள் போனதாலும்தான். நிழல் மரத்தையும் சருகையும் விட்டுவைக்கும் ஏலத்தோட்டமும் காப்பித் தோட்டமும் அந்த மற்ற உயிர்களில் பலவற்றைக் காக்க முடியும்.

சமவெளியில் நிலைமை வேறு. மண்புழு உரத் தொட்டிகளில் நாம் அதிகம் வளர்ப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் யூட்ரிலஸ் யூஜினியேவும் ஐரோப்பாவிலிருந்து பரவிய ஐசீனியா ஃபெட்டிடாவும். இரண்டும் மக்கும் குப்பையில் வாழ்பவை. மண்ணைக் குடைந்து வாழ்பவை அல்ல. கூரை போட்டு, சணல் சாக்கு மூடி, நாள்தோறும் நீர் தெளித்தால்தான் தொட்டியில் நிற்கும். உரம் தயாரிக்க அவை நல்ல வேலைக்காரர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவற்றை மானாவாரி நிலத்தில் விட்டு மண்ணைத் திருத்தலாம் என்று விவசாயியிடம் சொல்வது தவறு. சித்திரை வெயிலில் அந்த நிலத்தில் அவை தங்காது. அங்கே வேலை செய்யக்கூடியவை லாம்பிட்டோ மௌரிட்டி போன்ற, மண்ணுக்குள் இறங்கத் தெரிந்த நம் புழுக்கள். சென்னையில் மண் உயிரியலாளர் சுல்தான் இஸ்மாயில் பல்லாண்டுகளாக உள்ளூர் புழுக்களையே வலியுறுத்திவந்ததற்கு இந்த உடலியலும் வலுவான ஆதாரம். இந்த லாம்பிட்டோவை அறிவியல் முதலில் விவரித்தது 1860-களில், மொரீஷியஸில் கிடைத்த புழுவைக் கொண்டு. மனிதரோடு கடல் தாண்டிப் போன நம் புழு அங்கே அயல் இனம்.

மாரியன் ஆய்வு கேட்ட கேள்வியைத் தமிழ்நாட்டு மண்ணில் கேட்பதென்றால் மழைக்குறைவு எவ்வளவு மில்லிமீட்டர் என்பதோடு நிற்க முடியாது. வடகிழக்குப் பருவமழை தாமதிக்கும் ஆண்டில், கோடைச் சூடு முழுதும் ஆறாத மண்ணின்மேல் ஐப்பசி வரை வறட்சி நீள்கிறது. மழை பெய்து சீக்கிரம் நின்றுவிடும் ஆண்டில், மார்கழி, தைக் குளிரில் ஆறியிருக்கும் மண் மெல்லக் காய்கிறது. ஆண்டுக் கணக்கில் இரண்டும் ஒரே பற்றாக்குறையாகப் பதிவாகலாம். மண்புழுவுக்கும் ஸ்பிரிங்டெயிலுக்கும் அவை ஒரே வறட்சி அல்ல. முதலாவதில் பிழைக்கும் இனம் இரண்டாவதில் பின்தங்கலாம். ஆகவே லாம்பிட்டோவையும் பொன்டோஸ்கோலெக்ஸையும் ஒப்பிட விரும்புபவர், காயவைக்கும் முன் ஒரு தொகுதியை 20 டிகிரியிலும், இன்னொன்றை 25-இலும், மற்றொன்றை 30-இலும் சில நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும். மண்ணின் ஈரத்தை எடையால் மட்டும் அளக்காமல், களிமண்ணிலும் செம்மண்ணிலும் நீர் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். செத்தவற்றை எண்ணுவதோடு முடிக்காமல், மீண்டும் ஈரமாக்கிய மண்ணில் எத்தனை முட்டைக்கூடுகள் பொரிக்கின்றன என்று அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையால் செய்யக்கூடிய வேலை இது.